பதினோரு நாள் ஞாபகம்

ஆடி மாதம், சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடந்த ராத்திரி. சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு ஜோடனை வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஊரே மெயின் ரோட்டில் நின்றது. அந்த நேரத்தில்தான் எங்கள் சந்து முனையில் நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுத் தம்பியின் ஸ்ப்ளெண்டர் காணாமல் போனது. பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் யாராவது அவசரத்துக்கு எடுத்துப் போயிருப்பார்கள் என்று ஆளாளுக்கு போன் போட்டுக் கேட்டதிலேயே முதல் நாள் கழிந்துவிட்டது. இரண்டாம் நாள்தான் எல்லோர் வாயிலும் அந்தக் கேள்வி வந்தது: "கேமராவுல பாத்தீங்களா?"

எண்ணிப் பார்த்தோம். எங்கள் சந்திலும் அது போய்ச் சேரும் தெருவிலுமாக ஏழு கேமரா. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒன்றுகூட இருந்ததாக ஞாபகம் இல்லை. ஏழு இருக்கிறதே, எதிலாவது விழுந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வீடு வீடாகப் படியேறினோம்.

கோயில் கேமரா உண்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தறிக்கூடத்துக் கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி எரிந்துபோய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. எரிந்ததே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் இருந்தது வைஃபை கேமரா. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அம்மாவை போனில் பார்ப்பதற்காக வாங்கி மாட்டியது, உள்ளே மெமரி கார்டே போடவில்லை. இன்னொரு வீட்டுக் கேமராவுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டியிருந்தது. ராத்திரியில் கேமரா தானே வீசும் அகச்சிவப்பு வெளிச்சம் அந்த நூலில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளைக் கோடாக இழுத்திருந்தது. என் வீட்டுக் கேமராவில் தெரிந்தது என் கேட்டும் எதிர் வீட்டு வாசலும் மட்டும்தான். மிச்சம் மளிகைக் கடை அண்ணனின் இரண்டு. அதில் ஒன்று கல்லாவுக்கு. ஆக ஏழில் ஒன்றுதான் தெருவையும் பார்த்தது, பார்த்ததைப் பதிந்தும் வைத்திருந்தது.

அந்த ஒன்றிலும் தேதி 2000 ஜனவரி என்று ஓடியது. கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி ஆரம்பத்துக்கே போய்விடும். கடைசியாகக் கரண்ட் போன நேரத்தை அண்ணன் யோசித்துச் சொல்ல, அதிலிருந்து மணிக்கணக்கைக் கூட்டி வண்டி வேடிக்கை ராத்திரியைக் கண்டுபிடித்தோம். இரண்டு பையன்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போனது தெரிந்தது. முகம் தெரியவில்லை. அகலமாகத் தெருவைப் பார்க்கும் இரண்டு மெகாபிக்சல் கேமராவில் நாற்பது அடி தள்ளி நிற்பவரின் முகம் பட்டாணி அளவுக்குத்தான் விழும். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடையும். சினிமாவில் காட்டுவதுபோல இல்லாத முகத்தை எந்த மென்பொருளும் வரவழைத்துத் தராது.

அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்த எட்டுப் பேரும் இன்னொன்றையும் பார்த்தோம். எங்கள் தெருப் பெண், கல்லூரியில் படிக்கிறவள், கடை மூலையில் ஒரு பையனோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். "நிறுத்து, நிறுத்து, யாரு அது?" என்று யாரோ கேட்டார்கள். ஓட்டம் நின்றது, பின்னால் போனது, மறுபடி ஓடியது. ஒருவர் போனை எடுத்து டிவி திரையை வீடியோ பிடித்தார். தடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் குனிந்துதான் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் அந்த இருபது வினாடித் துண்டு தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு வாரம் கல்லூரிக்குப் போகவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த இரண்டு வாரம்தான் காரணம். என் வீட்டில் கேமரா இருக்கிறது, இனியும் இருக்கும். தனியாக இருக்கும் வயசானவர்களுக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும் பெண்களுக்கும் அது தரும் தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேமரா மாட்டுகிற அன்று நாம் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை மெகாபிக்சல், போனில் தெரியுமா. பதிந்தது எத்தனை நாள் இருக்கும், யார் எடுத்துப் பார்க்கலாம், பார்க்கப்பட்டவருக்கு அதில் என்ன பாத்தியதை என்று கேட்பதே இல்லை. வண்டி கிடைக்காததற்கும் அந்தப் பெண் வீட்டுக்குள் முடங்கியதற்கும் சேர்த்துப் பதில் இந்தக் கேட்காத கேள்விகளில் இருக்கிறது.

முதலில் நாள் கணக்கு. வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் பெரும்பாலும் நான்கு கேமரா போடும் டிவிஆர் பெட்டிதான், உள்ளே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஒரு கேமராப் படம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஒரு கேமராவுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி, நான்குக்கும் சேர்த்து 86 ஜிபிக்கு மேல். ஒரு டெராபைட் பதினோரு நாளில் நிறைந்துவிடும். நிறைந்ததும் பெட்டி நிற்காது. முதல் நாள் பதிவின் மேலேயே பன்னிரண்டாம் நாளை எழுதும். யாரும் அழிக்க வேண்டியதில்லை, தானே அழியும். அசைவு இருந்தால் மட்டும் பதிகிற மாதிரி வைத்தால் சில நாள் கூடும். ஆனால் ஆட்டோவும் நாயும் ஓயாத தெருவில் அசைவு எப்போது நிற்கிறது? அழகாபுரத்தில் மாட்டினாலும் அம்மாபேட்டையில் மாட்டினாலும் கணக்கு இதுதான்.

தம்பி புகார் எழுதிக் கொடுத்தது மூன்றாம் நாள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வந்தது ஐந்தாம் நாள். பண்டிகை பந்தோபஸ்து ஓய்ந்து, பென்டிரைவோடு மளிகைக் கடைக்கு ஆள் வந்தது பதின்மூன்றாம் நாள். அதற்குள் கடை டிஸ்க்கில் வண்டி வேடிக்கை ராத்திரியின் மேல் வேறொரு ராத்திரி ஏறியிருந்தது. மிஞ்சியது வாட்ஸ்அப்பில் சுற்றிய துண்டு மட்டும். அதில் வண்டி இல்லை, அந்தப் பெண் இருந்தாள்.

ஒருவேளை திரையைப் பிடித்த வீடியோவில் வண்டி இருந்திருந்தாலும் கோர்ட்டில் அதை வைத்து எளிதாகப் பேச முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம், 63ஆம் பிரிவில், மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. பதிவு எந்தக் கருவியில் உருவானது, அதன் ஹாஷ் மதிப்பு என்ன என்று அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி; ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவிலும் சான்றிதழ் இருந்தது. அது கட்டாயம்தான் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆகவே ஏதாவது நடந்துவிட்டால் முதல் வேலை, பெட்டியிலிருந்து அந்த நேரத்துப் பதிவை அப்படியே பென்டிரைவில் இறக்குவது. பெட்டிக் கடிகாரத்துக்கும் நிஜக் கடிகாரத்துக்கும் எத்தனை நிமிஷம் வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைப்பதும் அதோடு சேர்ந்தது. பெட்டிக்காரர் தயங்கினால், குறைந்தபட்சம் அழியாமல் வைத்திருக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். விசாரணை அதிகாரி கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு இருக்கிறது. அரசு அலுவலகக் கேமரா என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம். பதினோரு நாள் டிஸ்க்கிடம் முப்பது நாள் கழித்து என்ன கிடைக்கும்? அதனால் மனுவின் முதல் வரியிலேயே 'இந்தப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும்' என்று எழுதிவிடுவது நல்லது.

அழிவது தற்செயலாகவும் நடக்கும், நடக்க வைக்கவும் முடியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கடை அருகே இருந்த தனியார் கேமராவின் பதிவு, முதல் தகவல் அறிக்கை சொன்ன கதைக்கு நேர்மாறாக இருந்தது. காவல் நிலையத்துக்குள்ளும் கேமரா இருந்தது, ஒரு டெராபைட் டிஸ்க்கும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். தெருக் கேமராவுக்கு ஞாபகம் இருந்தது, நிலையத்துக் கேமராவுக்கு இல்லை. இரண்டிலும் லென்ஸ் ஒன்றுதான். பெட்டி யார் கையில் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அது முடியாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், நிலையங்களில் கேமரா வேலை செய்யாத பிரச்சினையை அதே நீதிமன்றம் தானாக முன்வந்து மறுபடி கையிலெடுக்க வேண்டியிருந்தது. வைக்க வேண்டிய பதிவை வைக்காமல் விட்டால் அந்த இன்மையே பேசும் என்பதற்கும் தீர்ப்பு இருக்கிறது. வாரணாசி விடுதி ஒன்றில் நடந்த மரண வழக்கில் விடுதியின் கேமராப் பதிவை அரசுத் தரப்பு கொண்டுவரவில்லை. அதையும் ஒரு காரணமாக வைத்து 2015இல் இத்தாலியர் இருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

இவ்வளவு கேமரா எப்படி வந்தது? பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் கேமரா வைக்கச் சொல்லித் தமிழ்நாட்டில் 2012இல் விதி வந்தது. 2017இல் சென்னைக் காவல் ஆணையராக வந்த ஏ.கே. விஸ்வநாதன் காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருவெங்கும் கேமரா வைக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. கடைக்காரர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் செலவில் சேர்த்துக்கொண்ட அந்த முறை மற்ற ஊர்களுக்கும் பரவியது. சேலம் 2016இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்த ஊர். ஐந்து ரோட்டிலும் புது பஸ் ஸ்டாண்டிலும் தலையைத் தூக்கிப் பார்த்தால் மிச்சம் புரியும்.

பலன் இல்லாமல் இல்லை. உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் குற்றவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. வண்டி நிறுத்துமிடங்களில்தான் பலன் அதிகம். யாராவது உட்கார்ந்து திரையைக் கவனித்துக்கொண்டிருந்த இடங்களில் இன்னும் நல்ல பலன். அடிதடி, கத்திக்குத்து போன்ற வன்முறையில் சொல்லும்படியான குறைவு இல்லை. கோபத்தில் கை ஓங்குகிறவன் மேலே பார்ப்பதில்லை.

நம் ஊரை வைத்தே ஒரு திருட்டைச் சொல்லலாம். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் போன ரயிலில் ரிசர்வ் வங்கிக்குக் கொண்டுபோன பழைய நோட்டுக் கட்டுகளில் ஐந்து கோடி ரூபாய்க்கும் மேல் காணாமல் போனது. பெட்டியின் கூரையைத் துளைபோட்டு இறங்கியிருந்தார்கள். ஸ்டேஷன் கேமராக்கள் பிளாட்பாரத்தைப் பார்க்கும், ஓடுகிற ரயிலின் கூரையை எது பார்க்கும்? இரண்டு ஆண்டு கழித்து மத்தியப் பிரதேசத்துக் கும்பலைப் பிடிக்க வைத்தது செல்போன் டவர் தடயங்கள்.

கேமராவோடு வாழ்வது என்றால் என்ன என்பதை நான் நெருக்கத்தில் பார்த்தது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் கொலுசுப் பட்டறையில். ஆறு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்யும் அறை. வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வெட்டி, வளைத்து, கேஸ் தீயில் பற்றவைத்து, மெருகு போடுவது வரை எல்லாம் கைவேலை. சுவரில் நான்கு கேமரா. ஒவ்வொன்றும் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கும்படி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயங்காலம் கொலுசை எடை போட்டு வாங்குவார்கள். தீயிலும் அரத்திலும் போகிற சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி அந்தத் தூசியையும் சேர்த்து வைப்பார்கள், அதிலும் வெள்ளி இருக்கும்.

"எடை பொய் சொல்லாதுங்க. அப்புறம் கேமரா எதுக்குன்னு மொதல்ல புரியல" என்றார் அங்கே வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர். "இப்பப் புரியுதுங்க. கை நின்னா போன் வரும்." முதலாளி வெளியூரில் இருந்தாலும் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். டீ குடிக்க எழுந்தது, கை மரத்துப்போய் உதறியது, மகளின் போனுக்குப் பதில் சொன்னது எல்லாம் அவருக்குத் தெரியும். வெள்ளியைக் காக்க வந்த கேமரா நேரத்தைக் காக்கத் தொடங்கிவிட்டது. அவர் பேசும்போது ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. கொலுசின் அரும்பைக் குறட்டால் பிடித்தபடி, உதடு அசைவதே தெரியாத மாதிரி பேசினார். அப்படிப் பேசப் பழகியிருக்கிறார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். ஒரு முறை பையில் இருநூறு கிராம் குறைந்தது. அவர் மேல் சந்தேகம் விழுந்தது. பதிவைப் போட்டுப் பாருங்கள் என்று அவரேதான் கேட்டார். பை அவர் கைக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. முதலாளி நல்லவர், போட்டுக் காட்டினார். காட்டாமல் இருந்திருந்தால் இவருக்கு வழி என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

சட்டத்திலும் இன்றைக்கு அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். வந்த பிறகும், வேலை கொடுப்பவர் தன்னை நஷ்டத்திலிருந்து காத்துக்கொள்ள ஊழியரின் ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாள அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு 17ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தனிநபர் தன் வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்குச் சட்டமே பொருந்தாது என்கிறது 3ஆம் பிரிவு. என் வீட்டுக் கேமரா எதிர் வீட்டு வாசலைப் பதிவது என் 'வீட்டுத் தேவை'யா?

ஐரோப்பாவில் இதே கேள்வி நீதிமன்றம் போனது. செக் நாட்டில் ஒருவர், வீட்டு ஜன்னலை உடைத்தார்கள் என்று கேமரா வைத்தார். அது தெருவையும் எதிர் வீட்டு வாசலையும் சேர்த்துப் பதிந்தது. சந்தேகப்பட்டவர்களை அடையாளம் காணவும் உதவியது. அப்படி இருந்தும், பொதுத் தெருவைப் பதியும்போது அதைச் சொந்த வீட்டு வேலை என்று சொல்லித் தரவுச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. கேமராவையே வைக்காதே என்று அது சொல்லவில்லை. வைத்தால் பொறுப்பு உண்டு என்றது. நம் நாட்டில் 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் சகோதரர்களுக்குள் ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் உள்ளே கேமரா வைத்ததை அந்தரங்க மீறல் என்று தீர்த்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. தெருவுக்கு அப்படித் தெளிவான கோடு இன்னும் போடப்படவில்லை. அது வரும்வரை கோட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஏற்காட்டில் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் காட்டேஜ்கள், அறைகள், வாடகைக்கு விட்ட எஸ்டேட் வீடுகள். எஸ்டேட் கேட்டில் கேமரா வைத்திருக்கும் நண்பர், அதில் அதிகம் விழுவது காட்டெருமைதான் என்பார். பனிமூட்டம் இறங்கிய ராத்திரியில் அதுவும் விழாது. கேமரா வீசும் வெளிச்சம் மூட்டத்திலேயே பட்டுத் திரும்பி, சிலந்தி வலைக்கு ஆனதுபோலவே, திரை வெள்ளையாகிவிடும். அங்கே போகிறவர்களுக்குப் பயம் அறைக்குள் ஒளித்து வைத்த கேமராவைப் பற்றி. ஒருவர் சம்மதமின்றி அவருடைய அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம். தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. அறைக்குள் போனதும் கட்டிலையும் குளியலறையையும் நேராகப் பார்க்கிற பிளக், கடிகாரம், புகை எச்சரிக்கைக் கருவி இவற்றைக் கவனியுங்கள். விளக்கை அணைத்து டார்ச்சை மெதுவாக ஓட்டினால் லென்ஸ் இருக்கும் இடம் மினுக்கும். சில போன்களின் முன்பக்கக் கேமராவில் அகச்சிவப்பு விளக்கு ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும்.

ஒளித்து வைக்காத கேமராவே ஆபத்தாவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறையில் பெண்கள் இருந்த பதிவுகள் இணையத்தில் விலைக்கு வந்தன. அந்தக் கேமராவை வைத்தவர்கள் பாதுகாப்புக்கென்றுதான் வைத்தார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்கு உதவியது எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற வைரஸ், பெட்டியோடு வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் ஏற்கெனவே சுவரில் இருப்பவை அப்படியே இருக்கின்றன. மாட்டிவிட்டுப் போன ஆளுக்குத் தெரிந்த கடவுச்சொல்தான் இன்னும் உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் பெட்டியில் நான்கு வருஷம் அப்படித்தான் இருந்தது.

முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருளைத் தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள் வெளியார் புகுந்தது தெரியவந்தது. எங்கள் தெருவில் அந்தப் பெண்ணை அடையாளம் சொல்ல எட்டுப் பேர் தேவைப்பட்டோம். நாளைக்கு அதுவும் தேவைப்படாது.

கண் என்பது நமக்குப் புதிதில்லை. திண்ணை இருந்த காலத்தில் யார் எப்போது வந்தார்கள், போனார்கள் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை நாமும் பார்த்தோம். அவரிடம் சண்டை போட முடிந்தது. அவர் பார்த்ததை மறக்கவும் செய்தார், மறந்த மாதிரி இருக்கவும் செய்தார். அந்தப் பெண் ஐந்து நிமிஷம் பேசியதை அன்றைக்குத் திண்ணைப் பாட்டி பார்த்திருந்தால், "இருட்டுல நிக்காதடி, வீட்டுக்குப் போ" என்பதோடு முடிந்திருக்கும்.

தெருவில் இப்போது பேசி வைத்திருக்கிறோம். பதிவைப் பார்க்க வேண்டியிருந்தால் பொருளைப் பறிகொடுத்தவரும் பெட்டிக்காரரும் மட்டும், தேவையான நேரத்தை மட்டும். திரையை யாரும் போனில் பிடிக்கக் கூடாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அந்தத் துண்டை எடுக்கவே நான்கு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. எடுத்தாலும் எத்தனை போனில் இறங்கியிருக்கிறதோ. நானும் அவள் அப்பாவும் இப்போது பார்த்துக்கொண்டால் பேசுகிறோம். அவள் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள்.

போன மாதம் கேமரா போடுகிற பையனை வரவழைத்தேன். எதிர் வீட்டு அக்கா விடிகாலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர். நான் கேமரா வைத்த நாளிலிருந்து நைட்டி மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, குனிந்து நிமிரும்போதெல்லாம் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, நாலு இழையோடு முடித்துவிட்டுப் போய்விடுவார். நான்கு வருஷமாக இதை நான் என் போனில் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று எனக்கு உறைத்ததே இல்லை.

பையன் ஏணி போட்டுக் கோணத்தை இறக்கினான். மிச்சம் தெரிந்த வாசலுக்கு டிவிஆர் செட்டிங்கில் 'பிரைவசி மாஸ்க்' என்று இருப்பதை எடுத்து, அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டான். அந்தக் கட்டத்துக்குள் நடப்பது பதிவிலேயே ஏறாது. அக்காவை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பவில்லை போல. "நான் போய் நிக்கிறேன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டித் தன் வாசலில் போய் நின்றார். என் மகள் திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"தெரியுதா?"

"தெரியல அத்தை."

நாலு அடி நகர்ந்து திண்டுப் பக்கம் போனார். "இப்ப?"

"இப்பவும் தெரியல."

தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, இன்னும் ஒரு அடி தெருப் பக்கம் வந்தார். "இப்பத் தெரியணுமே?"

"முந்தானை மட்டும்" என்றாள் மகள். பையன் மவுஸை நகர்த்திக் கட்டத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான்.